ராக்கெட் எவ்வளவு உயரம் போனது? அல்டிமீட்டர் காட்டும் எண்ணை நம்பலாமா?

திடலில் ஏவிய ராக்கெட் கண்ணுக்குப் புள்ளியாகி, திரும்பித் தரைக்கு வந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எவ்வளவு உயரம் போச்சு?"

உள்ளே வைத்திருக்கும் அல்டிமீட்டர், அதாவது உயரமானி, ஓர் எண்ணைக் காட்டும். 83 மீட்டர். 214 மீட்டர். அதை எழுதிக்கொண்டு கிளம்பிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். இந்த வகை அல்டிமீட்டர் உயரத்தை நேரடியாக அளப்பதே இல்லை. தான் உட்கார்ந்திருக்கும் சின்ன அறைக்குள் காற்றழுத்தம் எவ்வளவு என்பதை மட்டுமே அது அளக்கிறது. அந்த அறைக்கும் வெளி உலகுக்கும் இருக்கும் ஒரே தொடர்பு, ராக்கெட்டின் உடலில் போட்ட சில மில்லிமீட்டர் ஓட்டைகள். ஓட்டை சரியில்லை என்றால் எண்ணும் சரியில்லை.

நம் நாட்டில் பிளானடேரியம் நெகாராவின் நீர் ராக்கெட் போட்டிகளால் பிளாஸ்டிக் பாட்டில் ராக்கெட் பல பள்ளிகளுக்குப் பழக்கமானது. இப்போது சில ரிங்கிட்டுக்கே அழுத்த சென்சார் கிடைக்கிறது. அதை ராக்கெட்டில் பொருத்துவது சுலபம். அது தரும் தகவலைப் புரிந்துகொள்வதுதான் கொஞ்சம் கஷ்டம். அதற்கான விளக்கம் இதோ.

அல்டிமீட்டர் உண்மையில் எதை அளக்கிறது?

நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றுக்கும் எடை உண்டு. மேலே போகப் போக, மேலே மிச்சம் இருக்கும் காற்று குறைகிறது. அதனால் அழுத்தமும் குறைகிறது. ஐந்தாம் படிவ இயற்பியலில் 'அழுத்தம்' பாடம் படித்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான்.

கடல் மட்டத்தில் அழுத்தம் சராசரியாக 1013.25 ஹெக்டோபாஸ்கல். பழைய பெயரில் சொன்னால் மில்லிபார், இரண்டும் ஒன்றுதான். தரைக்கு அருகில் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால், நாம் ஏறக்குறைய எட்டரை மீட்டர் மேலே போயிருக்கிறோம் என்று பொருள். 452 மீட்டர் உயரமுள்ள பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் உச்சியில், தரையைவிட அழுத்தம் ஏறத்தாழ 50 ஹெக்டோபாஸ்கல் குறைவாக இருக்கும்.

மாணவர்கள் அதிகம் பயன்படுத்தும் போஷ் நிறுவனத்தின் பிஎம்பி280 சென்சாரை எடுத்துக்கொள்வோம். அழுத்தத்தில் ஏற்படும் மாற்றத்தை அது 0.12 ஹெக்டோபாஸ்கல் துல்லியத்தில் அளக்கும் என்று அதன் தொழில்நுட்பக் குறிப்பு சொல்கிறது. உயரத்தில் அது ஒரு மீட்டர் அளவுதான். ஆக, சென்சார் நன்றாகவே வேலை செய்கிறது. தவறு பெரும்பாலும் வேறு இடங்களிலிருந்து வருகிறது.

நம்ம ஊர் வெயிலில் 300 மீட்டர் என்றால் 300 மீட்டரா?

அழுத்தத்தை உயரமாக மாற்ற அல்டிமீட்டருக்கு ஒரு கணக்கு தேவை. பெரும்பாலான அல்டிமீட்டர்கள் இதற்கு அனைத்துலகத் தர வளிமண்டலம் என்ற மாதிரியைப் பயன்படுத்துகின்றன. அந்த மாதிரியில் கடல் மட்டத்தில் அழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல், வெப்பநிலை 15 பாகை செல்சியஸ். மேலே போகப் போக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6.5 பாகை குறையும்.

15 பாகையா? கிள்ளானில் அப்படி ஒரு மதியத்தை யாராவது பார்த்திருக்கிறோமா?

இங்கேதான் சிக்கல். சூடான காற்று விரிந்து, அடர்த்தி குறைந்து இருக்கும். அதே 1 ஹெக்டோபாஸ்கல் குறைய, குளிர்ந்த ஊரைவிட இங்கே அதிக தூரம் ஏற வேண்டும். 15 பாகையில் அது சுமார் 8.3 மீட்டர். 32 பாகை வெயிலில், ஈரப்பதத்தையும் சேர்த்தால், சுமார் 8.9 மீட்டர்.

அதாவது, வெப்பநிலைத் திருத்தம் செய்யாத அல்டிமீட்டர் மதிய வெயிலில் 300 மீட்டர் என்று காட்டினால், ராக்கெட் உண்மையில் சுமார் 320 மீட்டர் போயிருக்கும். நம் நாட்டுச் சூட்டில் இப்படிப்பட்ட அல்டிமீட்டர் உயரத்தை ஆறு, ஏழு விழுக்காடு குறைத்தே சொல்லும்.

போட்டியில் எல்லோருக்கும் ஒரே கணக்கு என்பதால் இதனால் யாருக்கும் அநியாயம் இல்லை. ஆனால் இங்கே கிடைத்த எண்ணையும் குளிர்நாட்டில் கிடைத்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. கணினியில் முன்கூட்டியே கணித்த உயரத்துக்கும் அல்டிமீட்டர் காட்டும் உயரத்துக்கும் இடையே ஆறு விழுக்காடு வித்தியாசம் வந்தால், உடனே ராக்கெட்டைக் குறை சொல்லவும் வேண்டாம். முதலில் அன்றைய வெப்பநிலையைப் பாருங்கள்.

காலையில் ஒரு பூஜ்ஜியம், மாலையில் ஒரு பூஜ்ஜியம்

பூமத்தியரேகைக்கு அருகில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. இங்கே காற்றழுத்தம் கடல் அலை போல தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை 10 மணி, இரவு 10 மணி வாக்கில் உச்சம். மாலை 4 மணி, அதிகாலை 4 மணி வாக்கில் தாழ்வு. சூரிய வெப்பத்தால் வளிமண்டலத்தில் எழும் அலைதான் இதற்குக் காரணம். காலை உச்சத்துக்கும் மாலைத் தாழ்வுக்கும் இடையே சுமார் 3 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் வரலாம்.

3 ஹெக்டோபாஸ்கல் என்றால் 25 மீட்டருக்கு மேல். காலை 10 மணிக்கு மேசை மேல் வைத்து பூஜ்ஜியம் போட்ட சென்சாரை மாலை 4 மணிக்குப் பார்த்தால், மேசை எட்டு மாடி உயரத்துக்கு எழும்பிவிட்டது போலக் காட்டும்!

அதனால்தான் நல்ல அல்டிமீட்டர்கள் ஏவுமேடையில் நிற்கும்போதே தரை அழுத்தத்தை எடுத்து, அங்கிருந்து பூஜ்ஜியத்தைத் தொடங்குகின்றன. சொந்தமாக நிரல் எழுதுபவர்கள் 1013.25 என்ற எண்ணை அப்படியே வைத்துவிடக் கூடாது. ஏவுவதற்குச் சற்று முன்பு எடுத்த அளவுகளின் சராசரியைத்தான் தரை அழுத்தமாக எடுக்க வேண்டும்.

மழை மேகம் திரளும்போதும் கவனம் தேவை. இடியுடன் கூடிய மழைக்கு முன்னால் வரும் குளிர்காற்று சில நிமிடங்களிலேயே அழுத்தத்தை மாற்றும். இடி கேட்டுவிட்டால் அளவைப் பற்றிய கவலையே வேண்டாம். எல்லாவற்றையும் கட்டி வைத்துவிட்டு உள்ளே போய்விட வேண்டும். திறந்த திடலில் நிற்பவருக்கு மின்னல்தான் பெரிய ஆபத்து.

சரி, அந்த ஓட்டை எதற்கு?

அல்டிமீட்டரை ராக்கெட்டுக்குள் ஒரு தனி அறையில் வைப்பார்கள். நீர் ராக்கெட் என்றால், காற்றும் தண்ணீரும் அடைத்த பாட்டிலுக்கு மேலே, அதோடு எந்தத் தொடர்பும் இல்லாத அறை அது. பாட்டிலிலிருந்து துளி காற்று உள்ளே கசிந்தாலும் அறையில் அழுத்தம் கூடும். அல்டிமீட்டர் உயரத்தைக் குறைத்துக் காட்டும்.

ராக்கெட் ஏறும்போது வெளியே அழுத்தம் குறைகிறது. உள்ளே இருக்கும் காற்றும் அதே வேகத்தில் வெளியேற வேண்டும். அதற்குத்தான் ஓட்டை. இறங்கும்போது இதே வேலை தலைகீழாக நடக்கும்.

எவ்வளவு பெரிசு? ராக்கெட் ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் கைக்கணக்கு ஒன்று உண்டு. அறையின் கொள்ளளவில் ஒவ்வொரு 100 கன அங்குலத்துக்கும் கால் அங்குல விட்டத்தில் ஓர் ஓட்டை. நமக்குப் பழக்கமான அளவில் சொன்னால், 1 லிட்டர் கொள்ளளவுக்கு மொத்தம் சுமார் 20 சதுர மில்லிமீட்டர் ஓட்டைப் பரப்பு.

ஓர் உதாரணம். மேரு பக்கம் ஒரு பள்ளித் திடலில் நீர் ராக்கெட் ஏவுவதாக வைத்துக்கொள்வோம். பாட்டிலை வெட்டிச் செய்த அல்டிமீட்டர் அறை உருளை வடிவம். விட்டம் 85 மில்லிமீட்டர், நீளம் 100 மில்லிமீட்டர்.

முதல் படி, கொள்ளளவு. ஆரம் 4.25 சென்டிமீட்டர். 3.14 × 4.25 × 4.25 × 10 = சுமார் 567 கன சென்டிமீட்டர். அதாவது 0.567 லிட்டர்.

இரண்டாம் படி, மொத்த ஓட்டைப் பரப்பு. 0.567 × 20 = சுமார் 11.3 சதுர மில்லிமீட்டர்.

மூன்றாம் படி, பங்கு பிரிப்பது. ஒரே ஓட்டை என்றால் விட்டம் 3.8 மில்லிமீட்டர். மூன்று ஓட்டை என்றால் ஒவ்வொன்றும் 2.2 மில்லிமீட்டர். நான்கு என்றால் 1.9 மில்லிமீட்டர்.

இங்கே பலர் தடுமாறுவார்கள். மூன்று ஓட்டை என்பதால் விட்டத்தை மூன்றால் வகுக்கக் கூடாது. பங்கு பிரிப்பது பரப்பைத்தான். விட்டத்தை வேண்டுமானால் மூன்றின் வர்க்கமூலத்தால், அதாவது 1.73ஆல் வகுக்கலாம். நான்கு ஓட்டைக்கு விட்டம் சரிபாதி.

கணக்குப் போட நேரம் இல்லாதவர்களுக்கு:

• 250 கன சென்டிமீட்டர் அறை: 1.5 மி.மீ. விட்டத்தில் மூன்று, அல்லது 1.3 மி.மீ. விட்டத்தில் நான்கு
• 500 கன சென்டிமீட்டர் அறை: 2.1 மி.மீ. விட்டத்தில் மூன்று, அல்லது 1.8 மி.மீ. விட்டத்தில் நான்கு
• 1 லிட்டர் அறை: 2.9 மி.மீ. விட்டத்தில் மூன்று, அல்லது 2.5 மி.மீ. விட்டத்தில் நான்கு

சின்னதாகப் போட்டால் என்ன ஆகும்?

நம் உதாரண ராக்கெட் வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் ஏறுகிறது என்போம். மேலே சொன்ன 2.2 மில்லிமீட்டர் ஓட்டைகள் மூன்றும் இருந்தால், உள்ளே இருக்கும் காற்று எவ்வளவு பின்தங்கும்? ஓட்டை வழியாகக் காற்று பாய்வதற்கான எளிய சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால், உயரக் கணக்கில் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். கவலையே இல்லை.

இப்போது அந்த மூன்றுக்குப் பதில் ஊசியால் குத்திய அரை மில்லிமீட்டர் ஓட்டை ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வேகம் நீடித்தால், உள்ளே-வெளியே வித்தியாசம் 35 மீட்டரைத் தாண்டும்!

ஒரு சென்டிமீட்டர் எங்கே, 35 மீட்டர் எங்கே? காரணம் எளிது. விட்டம் பாதியானால் பரப்பு கால்வாசி ஆகும். அதே அளவு காற்று நாலு மடங்கு வேகத்தில் வெளியேற வேண்டும். வேகம் நாலு மடங்கானால், அதற்குத் தேவைப்படும் அழுத்த வித்தியாசம் பதினாறு மடங்கு. ஆகவே ஓட்டையைக் கொஞ்சம் சிறிதாக்கினாலும் தவறு கொஞ்சமாகக் கூடாது, தாவிக் கூடும்.

உச்சியை நெருங்கும்போது ராக்கெட்டின் வேகம் குறைவதால் இந்த வித்தியாசமும் குறையும். ஆனால் முழுதாகத் தீராது. ராக்கெட் உச்சியைத் தொட்டுக் கீழே வரத் தொடங்கிய பிறகும் உள்ளே அழுத்தம் இன்னும் குறைந்துகொண்டிருக்கும். அதனால் இரண்டு தவறுகள் சேர்ந்தே வரும்: பதிவாகும் உச்சம் உண்மையைவிடக் குறைவு, பதிவாகும் நேரம் உண்மையைவிடத் தாமதம்.

நீர் ராக்கெட்டில் இன்னொரு வில்லன் தண்ணீரேதான். 1 மில்லிமீட்டர் ஓட்டையில் ஒரு நீர்த்துளி உட்கார்ந்துவிட்டால், பரப்பு இழுவிசை அதை அங்கேயே பிடித்து வைக்கும். அதை உடைத்துத் தள்ள ஏறக்குறைய 3 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் தேவை. அதாவது ராக்கெட் 25 மீட்டர் ஏறும்வரை அல்டிமீட்டர் தரையிலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். ஏவுவதற்கு முன் ஓட்டைகளைத் துடைத்து, உள்ளே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். நீர் ராக்கெட்டுக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வைப்பது நல்லது.

அப்போ பெரிசாகவே போட்டுடலாமே?

அதுவும் சரிவராது. காரணம், காற்று வேகமாகப் பாயும்போது அதற்கென்று தனி அழுத்தம் ஒன்று உண்டு. காரின் சன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் தள்ளுகிறதே, அதுதான். வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் இந்த அழுத்தம் 14 ஹெக்டோபாஸ்கல். உயரக் கணக்கில் 120 மீட்டருக்கு மேல்! இதில் பத்தில் ஒரு பங்கு ஓட்டை வழியாக உள்ளே புகுந்தாலே அல்டிமீட்டர் 12, 13 மீட்டர் தவறாகக் காட்டும்.

இரண்டு தவறுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சரியான அளவு ஓட்டையால் வரும் தாமதம் ஒரு சென்டிமீட்டர். தப்பான இடத்தில் போட்ட ஓட்டையால் வரும் தவறு பத்து மீட்டருக்கும் மேல். அளவைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். ஆனால் ஓட்டையைக் கணக்குப்படி போட்டவர்களுக்கு அதைவிட முக்கியம் அது இருக்கும் இடம்.

இடம் தேர்வு செய்வதற்கான விதிகள்:

• கூம்பு வடிவ முனையிலோ அதன் வளைவிலோ துளைக்கக் கூடாது. அங்கே காற்று வளைந்து ஓடுவதால் அழுத்தம் இயல்பாக இருக்காது.
• உடல் நேராக இருக்கும் பகுதியில் போட வேண்டும். முனை முடியும் இடத்திலிருந்து உடல் விட்டத்தைப் போல நாலு மடங்கு கீழே இருப்பது நல்லது. குட்டையான நீர் ராக்கெட்டில் இதற்கு இடம் இருக்காது. முடிந்தவரை கீழே தள்ளுங்கள்.
• ஓட்டைக்கு மேலே திருகு, டேப்பின் ஓரம், கயிறு என்று எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வால் இறக்கைகளுக்குப் பக்கத்திலும் வேண்டாம்.
• ஓட்டையின் விளிம்பு சுத்தமாக இருக்க வேண்டும். துளைத்த பிறகு பிசிறுகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள்.
• மூன்று அல்லது நான்கு ஓட்டைகள், உடலைச் சுற்றி ஒரே மட்டத்தில், சம இடைவெளியில். இரண்டு வேண்டாம்.

ஏன் இரண்டு வேண்டாம்? பக்கக் காற்று அடிக்கும்போது ராக்கெட்டின் ஒரு பக்கம் அழுத்தம் கூடும், மற்ற பக்கங்களில் குறையும். எதிரெதிரே இரண்டே ஓட்டை இருந்தால், ராக்கெட் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதைப் பொறுத்து உள்ளே அழுத்தம் மாறிக்கொண்டே இருக்கும். மூன்று, நான்கு என்றால் ஏற்ற இறக்கங்கள் ஓரளவு ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும்.

விமானத்திலும் இதே ஓட்டைதான்

இது விளையாட்டு ராக்கெட்டுக்கு மட்டும் உள்ள பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். பயணிகள் விமானமும் தன் உடலில் இருக்கும் சின்னத் துளைகள் வழியாகத்தான் வெளி அழுத்தத்தை அறிந்து உயரத்தைக் கணக்கிடுகிறது. அவற்றை நிலையழுத்தத் துளைகள் என்பார்கள்.

1996 அக்டோபர் 2ஆம் தேதி, பெரு நாட்டின் லீமாவிலிருந்து சிலியின் சாண்டியாகோவுக்குக் கிளம்பிய ஏரோபெரு 603 விமானம் கடலில் விழுந்தது. அதிலிருந்த 70 பேரும் உயிரிழந்தனர். விமானத்தைக் கழுவும்போது அந்தத் துளைகளை மூட ஒட்டிய டேப்பை எடுக்க மறந்துவிட்டார்கள் என்பது விசாரணையில் தெரியவந்தது. இருட்டில், கடலுக்கு மேலே, விமானிகளுக்குச் சரியான உயரமும் தெரியவில்லை, வேகமும் தெரியவில்லை.

நமக்கு நெருக்கமான சம்பவமும் உண்டு. 2018 ஜூலை 18ஆம் தேதி, பிரிஸ்பேனிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மலேசியா ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ330 விமானம், வேகத்தை அளக்கும் பிடோ குழாய்களின் உறைகளை எடுக்காமலேயே மேலெழுந்தது. அந்த விமான நிலையத்தில் குளவிகள் குழாய்க்குள் கூடு கட்டுவதால், தரையில் நிற்கும் விமானங்களுக்கு உறை போடுவது வழக்கம். வேகம் தெரியாத நிலையிலும் விமானிகள் விமானத்தைப் பத்திரமாக பிரிஸ்பேனிலேயே தரையிறக்கினார்கள்.

பிடோ குழாய் வேகத்துக்கு, நிலையழுத்தத் துளை உயரத்துக்கு. வேலை வேறு, பாடம் ஒன்று. கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், வெளிக்காற்று அதைச் சென்றடைய வேண்டும்.

எண்ணைப் பார்க்காதே, கோட்டைப் பார்

அல்டிமீட்டர் காட்டும் உச்ச எண் ஒன்றை மட்டும் வைத்து அது சரியா தவறா என்று சொல்ல முடியாது. நேரத்தைக் கிடையாகவும் உயரத்தைச் செங்குத்தாகவும் வைத்து வரைந்த கோட்டில்தான் உண்மை தெரியும். அதைத் துண்டு துண்டாகப் படிக்கலாம்.

ஏவுவதற்கு முன்: கோடு தட்டையாக, லேசான நடுக்கத்தோடு இருக்கும். அந்த நடுக்கத்தின் அளவுதான் சென்சாரின் இரைச்சல். அது அரை மீட்டர் என்றால், இரண்டு பறப்புகளுக்கு இடையே அரை மீட்டர் வித்தியாசத்தைப் பற்றி வாக்குவாதம் செய்வதில் அர்த்தம் இல்லை.

ஏறும்போது: கோடு செங்குத்தாக ஏறி, பிறகு மெல்ல வளையும். கிளம்பிய உடனே பூஜ்ஜியத்துக்குக் கீழே ஒரு பள்ளம் தெரிந்தால், காற்று ஓட்டைக்குள் தள்ளப்படுகிறது. நேர்மாறாக ஒரு திடீர் மேடு தெரிந்தால், ஓடும் காற்று உள்ளே இருப்பதை உறிஞ்சுகிறது. இரண்டுக்கும் ஓட்டையின் இடத்தைச் சந்தேகப்படலாம்.

உச்சி: இதுதான் முக்கியமான இடம். நேராக மேலே போன ராக்கெட், உச்சிக்குப் பக்கத்தில் மெதுவாக நகரும். அங்கே காற்றின் தடை மிகக் குறைவு. புவியீர்ப்பு மட்டும்தான் வேலை செய்கிறது. ஆகவே பாராசூட் விரியும்வரை, உச்சிக்கு 1 வினாடி முன்பும் பின்பும் உயரம் சுமார் 4.9 மீட்டர் குறைவாக இருக்க வேண்டும். 2 வினாடி முன்பு 19.6 மீட்டர் குறைவு. இதை உங்கள் கோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1 வினாடி முன்பு இரண்டு மீட்டர்தான் வித்தியாசம் என்றால், ஓட்டை சிறிதாக இருந்து கோட்டை மழுக்கியிருக்கலாம்.

உச்சியில் ஒரு கூர்முனை: பாராசூட் வெளியேறும் நேரத்தில் ஒரு கணம் கோடு குதிப்பது சகஜம். முனை கழலும்போது அறைக்குள் அழுத்தம் அசைகிறது. அந்தக் கூர்முனையை உச்சமாக எடுக்கக் கூடாது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள வழவழப்பான வளைவைத்தான் எடுக்க வேண்டும்.

இறங்கும்போது: பாராசூட் விரிந்தால் கோடு கிட்டத்தட்ட நேராகச் சரியும். அந்தச் சரிவுதான் இறங்கும் வேகம். 60 மீட்டர் இறங்க 12 வினாடி என்றால், வினாடிக்கு 5 மீட்டர்.

தரை தொட்ட பிறகு: கோடு மறுபடி பூஜ்ஜியத்துக்கு அருகில் வர வேண்டும். 2, 3 மீட்டர் தள்ளி நின்றால், விழுந்த இடம் மேடா பள்ளமா என்று பாருங்கள். மேரு, காப்பார் போன்ற சமதளத்தில் அந்தக் காரணம் பொருந்துவது அரிது. அப்போது சென்சார் சூடானதையோ பொழுதோடு அழுத்தம் மாறியதையோ சந்தேகிக்கலாம். ஓட்டை வழியாக வெயில் நேராகச் சென்சார் மேல் விழுந்தாலும் அளவு தாவும். சென்சார் மீது சின்னக் கறுப்பு ஸ்பஞ்சுத் துண்டு வைத்தால் அது தீரும்.

ஒரு எச்சரிக்கை. உயரத் தகவலிலிருந்து வேகத்தைக் கணக்கிடும்போது அடுத்தடுத்த இரண்டு அளவுகளைக் கழித்து வகுக்காதீர்கள். வினாடிக்கு 20 அளவு எடுக்கும் கருவியில் 0.3 மீட்டர் இரைச்சல் இருந்தாலே, அது வினாடிக்கு 6 மீட்டர் வேகத் தவறாகப் பெருகும். அரை வினாடி இடைவெளியில் சராசரி எடுத்தால் வேகம் நம்பும்படி வரும்.

ஒரு சில மீட்டருக்கு ஏன் இவ்வளவு கவனம்?

காரணம் இரண்டு. ஒன்று, போட்டி. அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்காக நடக்கும் அமெரிக்கன் ராக்கெட்ரி சேலஞ்சில், அதிக உயரம் போகிறவருக்குப் பரிசு இல்லை. குறிப்பிட்ட உயரத்துக்கு யார் மிக நெருக்கமாகப் போகிறார்களோ அவர்களுக்குத்தான் முன்னிலை. ஒவ்வோர் அடி வித்தியாசத்துக்கும் ஒரு புள்ளி கூடும். குறைந்த புள்ளி எடுத்தவரே வெற்றியாளர். அங்கே அல்டிமீட்டர் சொல்வதுதான் தீர்ப்பு. ஓட்டை தப்பாகப் போனால் போட்டியே போய்விடும்.

இரண்டாவது, பாதுகாப்பு. பெரிய ராக்கெட்டுகளில் பாராசூட்டை வெளியேற்றச் சொல்வதே அல்டிமீட்டர்தான். ராக்கெட் இன்னும் வேகமாக ஏறிக்கொண்டிருக்கும்போது, 'உச்சி வந்துவிட்டது' என்று அது தவறாக நினைத்தால், பாராசூட் கயிறு ராக்கெட்டின் உடலையே கிழித்துவிடும். தாமதமாக நினைத்தால், ராக்கெட் தலைகீழாக, முழு வேகத்தில், ஆட்கள் நிற்கும் திடலை நோக்கி வரும்.

மாணவர்களின் கைவேலை இப்போது உண்மையான ராக்கெட்டுகளிலும் ஏறுகிறது. தமிழ்நாட்டில் 2023 பிப்ரவரி 19ஆம் தேதி, செங்கல்பட்டு மாவட்டம் பட்டிபுலத்திலிருந்து, மாணவர்கள் பங்களித்த 150 பிக்கோ செயற்கைக்கோள்களோடு ஒரு ராக்கெட் ஏவப்பட்டது. 2024 ஆகஸ்ட் 24ஆம் தேதி, சென்னைக்கு அருகே திருவிடந்தையிலிருந்து 'ரூமி-1' என்ற ராக்கெட் கிளம்பியது. இதுபோன்ற சின்னஞ்சிறு கருவிகளில் அழுத்தமும் வெப்பநிலையும் வழக்கமான அளவீடுகள். காற்று உள்ளே வரும் வழியைப் பற்றி யோசிக்காத பெட்டி, அங்கேயும் தவறான எண்ணைத்தான் அனுப்பும்.

மேருவில் யார் வேண்டுமானாலும் ராக்கெட் ஏவலாமா?

நீர் ராக்கெட்டைப் பள்ளித் திடலில், ஆசிரியர் மேற்பார்வையில் ஏவுவது நெடுநாள் பழக்கம். மருந்து அடைத்த ராக்கெட் அப்படி இல்லை. வெடிபொருள்களைத் தயாரிப்பதற்கும் வைத்திருப்பதற்கும் மலேசியாவில் 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். வீட்டில் எரிபொருள் கலந்து பார்க்கும் வேலை சட்டத்துக்கும் ஆபத்து, கை விரலுக்கும் ஆபத்து.

வான்வெளியும் நம் சொந்த இடம் இல்லை. மேருவிலிருந்து சுபாங் விமான நிலையம் நேர்க்கோட்டில் 15 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. திடல் அளவைத் தாண்டி உயரப் பறக்கும் எதையும் திட்டமிட்டால், முதலில் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்க வேண்டும்.

நீர் ராக்கெட்டிலும் விளையாட்டு வேண்டாம். காற்றடைத்த கார்பனேட்டட் பான பாட்டிலைத் தவிர வேறு பாட்டில் வேண்டாம். கீறல் விழுந்ததைத் தூக்கிப் போடுங்கள். பம்ப் செய்யும்போது கண்ணாடி அணிந்து, தள்ளி நிற்க வேண்டும்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை

ராக்கெட் இல்லாமலே அல்டிமீட்டரைச் சோதிக்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் இருந்தால் போதும். அறையை மூடி, பதிவைத் தொடங்கி, கீழ்த்தளத்திலிருந்து 20 மாடி போய் வாருங்கள். ஒரு மாடி 3 மீட்டர் என்றால், மொத்தம் 60 மீட்டர். அழுத்தம் சுமார் 6.7 ஹெக்டோபாஸ்கல் குறைய வேண்டும். அழுத்த சென்சார் உள்ள கைப்பேசியைக் கூடவே எடுத்துப்போனால் இரண்டையும் ஒப்பிடலாம்.

அடுத்து, ஓட்டைகளை டேப் ஒட்டி மூடிவிட்டு அதே லிஃப்டில் போங்கள். அறை நன்றாக மூடியிருந்தால், எண் அசையவே கூடாது. அசைந்தால், நீங்கள் கணக்குப் போடாத ஓட்டை எங்கேயோ இருக்கிறது. பாட்டில் பக்கமாகவோ கம்பி போகும் வழியாகவோ இருக்கலாம். அதை அடைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள்.

ஆனால் லிஃப்ட் மெதுவாகத்தான் ஏறும். ஊசி ஓட்டைகூட இந்தச் சோதனையில் ஓரளவு தேறிவிடும். ஓட்டை திறந்திருக்கிறது என்பதை மட்டுமே இது காட்டும். அளவு போதுமா என்பதைக் கணக்குதான் சொல்லும்.

ஏவுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

• கொள்ளளவை அளந்து, 1 லிட்டருக்கு 20 சதுர மி.மீ. என்று கணக்கிட்டீர்களா?
• மூன்று அல்லது நான்கு ஓட்டை, ஒரே மட்டத்தில், சம இடைவெளியில் உள்ளனவா?
• ஓட்டைக்கு மேலே ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா?
• சோதனைக்கு ஒட்டிய டேப்பை எடுத்தாயிற்றா? ஓட்டையில் தண்ணீர் நிற்கிறதா?
• தரை அழுத்தத்தை ஏவுமேடையில் வைத்தே எடுத்தீர்களா?
• வெப்பநிலையையும் நேரத்தையும் குறித்துக்கொண்டீர்களா?

கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுவார்கள். ஆனால் அடுத்த மாதம் வேறொரு ராக்கெட்டை ஏவி, "போன தடவையைவிட இது அதிகமா?" என்று கேட்கும்போது, அன்றைய வெயில் எவ்வளவு என்று தெரியாவிட்டால் பதில் சொல்ல முடியாது. உயரத்தோடு சேர்த்து வெப்பநிலை, நேரம், ஓட்டை அளவு மூன்றையும் ஒரே வரியில் எழுதி வைப்பது நல்லது.